கயிறு எங்கே இருக்கிறது?

எர்னஸ்ட் ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ நாவலைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரைக்கு 25க்கு 9 புள்ளிகள் கிடைத்தன. அப்போது நான் பகலில் கொழும்புக் கோட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்துகொண்டு, மாலையில் ஆங்கில இலக்கிய வகுப்பொன்றுக்குப் போய்வந்தேன். கிழவன் இரண்டு இரவுகள் மீனோடு எப்படிப் போராடினான் என்று ஒன்றரைப் பக்கத்துக்கு நான் எழுதியிருந்த இடத்தின் ஓரத்தில், விரிவுரையாளர் சிவப்பு மையில் ஒரேயொரு கேள்வியை எழுதியிருந்தார்: “இந்த நேரத்தில் கயிறு எங்கே இருக்கிறது?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கட்டுரையை நான் நாவலிலிருந்து எழுதவில்லை. ஒரு போட்டோப்பிரதிக் கடையில் வாங்கிய, யார் தயாரித்தது என்றே தெரியாத பத்துப் பக்கக் குறிப்பிலிருந்து எழுதினேன். இயற்கையை எதிர்த்து மனிதன் நடத்தும் போராட்டம், விடாமுயற்சி, தனிமை, தோல்விக்குள் வெற்றி என்று அதில் தலைப்புகள் இருந்தன. ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே மேற்கோள்கள் இருந்தன. 84 நாட்களாக மீன் படாத சந்தியாகோ என்ற கியூபாக் கிழவன் 85ஆம் நாள் தனியாகத் தொலைவுக்குப் போய், தன் வள்ளத்தைவிட இரண்டடி நீளமான மீனைப் பிடித்து, அதைச் சுறாக்களுக்குப் பறிகொடுத்து, எலும்புக்கூட்டோடு கரைக்கு வருகிறான் என்ற கதையும் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. கதை தெரிந்தால் நாவல் தெரிந்துவிட்டது என்று நினைத்ததே என் பிழை.

இந்த நாவலைப் படிக்கப் போகும் ஒருவருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, அதன் சிறிய அளவை நம்பிவிட வேண்டாம் என்பதுதான். ஆங்கில மூலத்தில் ஏறக்குறைய 27,000 சொற்கள்தான். ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் காலையில் தொடங்கினால் மாலைக்குள் முடித்துவிடலாம். 1952ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் தேதியிட்ட ‘லைஃப்’ சஞ்சிகையில் முழுமையாக வெளிவந்தபோது இரண்டே நாட்களில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன என்றால், அத்தனை பேரும் அதை ஒரே இருப்பில் படிக்கக்கூடியதாக இருந்தது என்றுதான் பொருள். 1953இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1954இல் ஹெமிங்வேக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோது இந்த நாவல் தனியாகக் குறிப்பிடப்பட்டது. வாக்கியங்கள் சிறியவை, சொற்கள் எளியவை. ஆகவே விரைவாக ஓடிவிடுகிறோம். ஓடும்போது அங்கே நடக்கும் வேலை நம் கண்ணுக்குப் படுவதில்லை.

எனக்கு அந்த வேலையைக் காட்டியவர் என் அம்மாவின் அண்ணன். மாமா மன்னார்ப் பேசாலையில் பிறந்தவர். இளம் வயதில் கொழும்புக்கு வந்து, மட்டக்குளியில் குடியிருந்து, முகத்துவாரத்திலிருந்து ஒருநாள் படகிலும் பிறகு பலநாள் படகிலும் தொழிலுக்குப் போனவர். கண்ணில் பூ விழுந்த பிறகு கரையில் தங்கிவிட்டார். நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில், பள்ளிக்கூடத்தில் மீன் வாடை அடிக்கக்கூடாது என்று அம்மா எங்களை அந்த வீட்டுக்கு அதிகம் அனுப்புவதில்லை. கடலைப் பற்றிய ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, கடலில் நாற்பது வருடம் இருந்த ஒருவர் சொந்தத்திலேயே இருக்கிறார் என்பது அந்த 9 புள்ளிகள் வரும்வரை நினைவுக்கு வரவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் மனம் வருந்துகிறது.

ஒரு சனிக்கிழமை மாலை புத்தகத்தோடு போனேன். மாமாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆகவே நான் ஒவ்வொரு பந்தியாக வாசித்து, வாயாலேயே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். கிழவன் நான்கு தூண்டில்களை நான்கு ஆழங்களில் இறக்கும் இடம் வந்தது. ஆங்கிலத்தில் ‘ஃபாதம்’ என்று இருக்கும் அளவை நான் மீற்றருக்கு மாற்றத் தடுமாறிக்கொண்டிருந்தபோது, “எத்தனை பாகம் எண்டு சொல்லு பிள்ளை” என்றார் மாமா. நாற்பது, எழுபத்தைந்து, நூறு, நூற்றிருபத்தைந்து என்று சொன்னேன். இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். விரித்த கைகளின் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. கயிற்றை அளக்கும்போது கைகளை விரித்து விரித்துத்தான் அளப்பார்கள். அந்த ஒரு சொல்லோடு, வெறும் இலக்கமாக இருந்த நூறு பாகம், ஒரு கிழவன் நூறு முறை கைகளை விரித்து அளந்த கயிறாக எனக்குத் தெரிந்தது. பெரிய மீன் தொட்டது அந்த நூறு பாகத்துத் தூண்டிலைத்தான்.

பிறகு அந்தச் சிவப்பு மைக் கேள்வியை அவரிடம் கேட்டேன். மீன் தூண்டிலை விழுங்கிய பிறகு கிழவன் கயிற்றை வள்ளத்தில் கட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே, ஏன் அதை முதுகில் தாங்கிக்கொண்டு இரவு முழுவதும் நிற்கிறான்? இது நாவலிலேயே விடை இருக்கும் கேள்வி; ஆனால் நான் கவனிக்காமல் கடந்து போயிருந்தேன். மாமா ஒரு கணமும் யோசிக்கவில்லை.

“கட்டினா அறும், பிள்ளை. மீன் ஒரு இழுவை இழுத்தா கயிறு தாங்காது. ஆள் பிடிச்சு நிண்டா, அது இழுக்கேக்க விட்டுக் குடுப்பான், அது தளரேக்க வாங்குவான்.”

கயிற்றை விடுவதும் வாங்குவதும். என்னுடைய ஒன்றரைப் பக்கத்தில் கிழவன் ‘முழு வலிமையோடு இழுத்தான்’ என்று மூன்று இடங்களில் எழுதியிருந்தேன். உண்மையில் முதல் இரண்டு இரவுகளிலும் அவன் இழுப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். மீன்தான் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போகிறது. அவன் கயிற்றை முதுகுக்குக் குறுக்கே எடுத்து, வெட்டாமல் இருக்க ஒரு சாக்கைக் கீழே கொடுத்து, வள்ளத்தின் முன்பகுதியான அணியத்தில் சாய்ந்து நின்று, அது அறும் எல்லைக்குச் சற்றுக் கீழே வைத்திருக்கிறான். அவனுடைய உடம்பு வேண்டியிருப்பது பலத்துக்காக அல்ல. மரத்தாலான வள்ளத்துக்கு விட்டுக் கொடுக்கத் தெரியாது, மனித உடம்புக்குத் தெரியும் என்பதற்காகத்தான். போராட்டம் என்ற ஒரு சொல்லைப் போட்டவுடன் இதெல்லாம் மறைந்துவிடுகிறது. அந்தச் சொல்லை அன்றிலிருந்து என் குறிப்புப் புத்தகத்தில் நான் பயன்படுத்தவில்லை. அது வரவேண்டிய ஒவ்வொரு இடத்திலும், அவன் அப்போது எந்தக் கையால் என்ன செய்கிறான் என்று எழுதினேன்.

அடுத்த வாரம் புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் பென்சில் தடிப்பில் இருபது முழக் கயிறு வாங்கிக்கொண்டு போனேன். நாவலில் கயிறு பெரிய பென்சிலின் தடிப்பு என்று சொல்லப்பட்டிருக்கிறது. மாமா அதன் ஒரு நுனியைத் தன் பேரனின் இடுப்பில் கட்டி, ஒழுங்கையில் நடக்கச் சொன்னார். மறுபக்கத்தை நான் தோளுக்குக் குறுக்கே போட்டு, அரிசிச் சாக்கொன்றை மடித்துக் கீழே வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வயதுப் பையன், மெதுவாகத்தான் நடந்தான். பத்து நிமிடத்தில் என் கழுத்துக்குக் கீழே எரியத் தொடங்கியது. சாக்கை நகர்த்த வேண்டும் என்றால் கயிற்றை மற்றக் கைக்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும் அந்தக் கணத்தில்தான் பையன், யாரோ கூப்பிட்டதற்காக, திடீரென்று ஓடினான். நான் கையை மூடினேன். கயிறு உள்ளங்கையில் ஒரு விரல் நீளத்துக்குத் தோலை எடுத்துக்கொண்டு போனது.

மாமா என் கையை எடுத்துப் பார்த்துவிட்டுத் தன் வலது கையை விரித்துக் காட்டினார். சுட்டுவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுவரை, தங்கூசி என்ற நைலோன் இழை ஓடிய பழைய தழும்பு, தோலைவிட வெளிறிய ஒரு கோடாக இருந்தது. நாவலின் முதற் பக்கத்திலேயே கிழவனின் கைகளில் ஆழ்ந்த தழும்புகள் உள்ளன என்றும், அவற்றில் ஒன்றும் புதியதல்ல என்றும் வருகிறது. அந்த வரியை நான் வர்ணனை என்று எண்ணியிருந்தேன். ஒன்றும் புதியதல்ல என்றால் அண்மையில் பெரிய மீன் எதுவும் படவில்லை என்று பொருள். 84 நாள் கதையை அவனுடைய கையே சொல்லிவிடுகிறது.

இங்கிருந்து நான் கற்ற நடைமுறையை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு பலருக்கு இது உதவியிருக்கிறது. ஒரு பெரிய தாளில் கோடுகள் போட்டு, நாவலின் மூன்று பகல்களையும் இரவுகளையும் இடமிருந்து வலமாக எழுதினேன். கீழே நான்கு வரிசைகள்: கயிறு எங்கே, இடது கை எப்படி, வலது கை எப்படி, என்ன சாப்பிட்டான். வாசிக்க வாசிக்க நிரப்பினேன். முதல் நாள் நண்பகலையொட்டி மீன் தூண்டிலில் படுகிறது. இரண்டாம் நாள் இடது கை குரக்குப் பிடித்து பறவை நகம்போல மடங்கிவிடுகிறது. அதை விரிக்க வேண்டும் என்பதற்காகவே பிடிக்காத பச்சைச் சூரையைத் துண்டு துண்டாக மென்று தின்கிறான். அன்றே மீன் முதன்முறையாக நீரைவிட்டுத் துள்ளி எழுகிறது. இரண்டாம் இரவு சற்றே தூங்கும்போது கயிறு ஓடி இடது கையை அறுக்கிறது. மூன்றாம் சூரியன் எழும்போது மீன் வட்டமிடத் தொடங்குகிறது. நண்பகலுக்குச் சற்று முன்பின்னாக மண்டா என்ற எறியீட்டியால் குத்திக் கொல்கிறான். ஒரு மணி நேரத்தில் முதற் சுறா வருகிறது.

அந்த இடத்தில் ஐந்தாவது வரிசை ஒன்று தேவைப்பட்டது: கையில் என்ன ஆயுதம் மிச்சம். மாக்கோச் சுறாவைக் குத்திய மண்டா, கயிற்றோடு சேர்ந்து அதனுடனேயே போய்விடுகிறது. துடுப்பின் நுனியில் கத்தியைக் கட்டுகிறான். அதன் அலகு ஒரு சுறாவின் தலையில் முறிகிறது. பிறகு தடி, அதன்பின் சுக்கானின் கைபிடி, அதுவும் உடைகிறது. தாளில் இதை எழுதி முடித்தபோது, சுறாக்கள் வரும் பக்கங்கள் ஏன் அப்படி நெஞ்சை அடைக்கின்றன என்பது எனக்கு விளங்கியது. ஒவ்வொரு சுறாவும் மீனிலிருந்து ஒரு பங்கையும் வள்ளத்திலிருந்து ஒரு பொருளையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஹெமிங்வே அவலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கணக்கு வைத்திருக்கிறார். கணக்குப் பிரிவில் வேலை செய்யும் எனக்கு அதைக் கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆகியிருக்கக்கூடாது.

அந்தப் பத்துப் பக்கக் குறிப்பு செய்த மிகப் பெரிய தீங்கு வேறொன்று. கிழவன் பசிக்காக டொல்பினைப் பிடித்துத் தின்கிறான் என்றும், அறிவுள்ள விலங்கைக் கொல்வதால் அவன் இயற்கைக்கு எதிராகப் போய்விட்டான் என்றும் அதில் ஒரு பந்தி இருந்தது. நான் அதை அப்படியே கட்டுரையில் எழுதியிருந்தேன். மாமாவுக்கு அந்த இடத்தை வாசித்தபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். டொல்பினை அவர் ஓங்கில் என்றுதான் சொல்வார்.

“ஓங்கிலை ஆர் பிள்ளை ஒத்தைக் கையால வள்ளத்துக்குள்ள தூக்குறது? அதுவும் மற்றக் கையில அவ்வளவு பெரிய மீனை வச்சுக்கொண்டு? திருப்பிப் பார், அது வேற மீன்.”

திருப்பிப் பார்த்தேன். பொன்னிறம், உடலில் ஊதாப் புள்ளிகள், வயிற்றுக்குள் இரண்டு கோலா மீன்கள். கிழவன் அதை ஸ்பானிய மொழியில் ‘டொராடோ’ என்றும் சொல்கிறான். ஆங்கிலத்தில் அந்த மீனுக்கும் டொல்பின் என்ற பெயர் உண்டு. பாலூட்டியான ஓங்கில் இந்த நாவலில் வேறொரு பெயரில், இரவில் வள்ளத்தின் அருகே மூச்சு விட்டுக்கொண்டு வருகிறது, கிழவன் அவற்றைத் தன் சகோதரர்கள் என்கிறான். ஆகவே அவன் எவற்றைச் சகோதரர்கள் என்று சொல்கிறானோ, அவற்றையே தின்றான் என்று நான் எழுதியிருக்கிறேன். படிப்பவர்கள் இங்கே மிகவும் கவனமாக இருக்க வேண்டும். மீன், பறவை, காற்று, கயிற்றுமுடிச்சு என்று எது வந்தாலும், அந்தப் பெயர் அந்த இடத்தில் எதைக் குறிக்கிறது என்று உறுதிசெய்த பிறகுதான் அதன்மேல் கருத்தைக் கட்ட வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் கடலை அந்தக் கடலின்மேல் போர்த்திவிடவும் கூடாது. வைகாசி மாதத்தில் யாரும் மீனவனாக இருக்கலாம், செப்டெம்பரில்தான் பெரிய மீன்கள் வரும் என்ற பொருளில் கிழவன் பேசுவதை வாசித்தபோது, மாமாவால் ஏற்கவே முடியவில்லை. வைகாசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கி, செப்டெம்பர்வரை நம் மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அந்த மாதங்களில் நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் கிழக்குக் கரைக்குப் போய், வாடி என்ற தற்காலிகக் குடிசை போட்டுத் தங்கிவிடுவது தலைமுறை தலைமுறையாக நடப்பது. கியூபாவில் செப்டெம்பர் சூறாவளி மாதம், அதே மாதம் பெரிய மீன் வரும் காலமும்கூட. சூறாவளி இல்லாத நாட்களில் அதைப்போல நல்ல கடல் இல்லை என்கிறான் கிழவன். நான் சுவரில் ஒரு நாட்காட்டியை மாட்டி, இரண்டு கடல்களின் மாதங்களையும் இரண்டு நிறத்தில் குறித்துக்கொண்டேன். மாமா சொன்னதில் எது மீனவர் எல்லோருக்கும் பொதுவானது, எது முகத்துவாரத்துக்கு மட்டும் உரியது என்று பிரித்துப் பார்க்க அது உதவியது.

பேஸ்போல் பற்றிய பகுதிகளை எங்கள் வகுப்பில் பலர் தாண்டிவிட்டார்கள். தாண்ட வேண்டாம். பேஸ்போல் வீரர் ஜோ டிமாஜியோவின் தந்தை மீனவர், டிமாஜியோவுக்குக் குதிகாலில் எலும்புமுள் என்ற இரண்டு செய்திகளை வைத்துக்கொண்டால் போதும். கிழவன் அவரை ஏன் நினைத்துக்கொள்கிறான் என்பது தெரிந்துவிடும்.

வெள்ளவத்தையில் ரயிலேறி, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று கோட்டைக்குப் போகும் வழியில் பெரும்பகுதி தண்டவாளத்தின் ஓரத்திலேயே கடல் கிடக்கும். அந்த இருபது நிமிடத்தில் காலையில் ஒரு பகுதியும் மாலையில் அதே பகுதியை மீண்டும் ஒரு முறையும் வாசிப்பது என்று வைத்துக்கொண்டேன். மாலையில் வாசிக்கும்போது, தன்னிடம் மீன்பிடி கற்ற மனோலின் என்ற பையன் இருந்திருந்தால் என்று கிழவன் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் ஒரு பென்சில் புள்ளி வைத்தேன். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் புள்ளிகள் ஒரே சீராக இல்லை: கை வேலையாக இருக்கும்போது குறைகின்றன, கயிறு சும்மா தோளில் கிடக்கும் நேரங்களில் கூடுகின்றன. தனிமை என்ற தலைப்பின் கீழ் குறிப்பில் இருந்த எட்டு வரிகளைவிட இந்தப் புள்ளிகள் எனக்கு அதிகம் சொன்னன. இரண்டாம் கட்டுரையை இவற்றிலிருந்துதான் எழுதினேன்.

மீனை நேரில் பார்க்காமல் எழுதக்கூடாது என்று மாமா வற்புறுத்தினார். ஒருநாள் விடிவதற்கு முன்பு அவரோடு பேலியகொடை மீன் சந்தைக்குப் போனேன். நனைந்த சீமெந்துத் தரையில், விளக்கு வெளிச்சத்தில், நாவலில் வரும் மார்லின் வகை மீன், கொப்பரா என்று சிங்களத்தில் சொல்வது, ஒன்று கிடந்தது. அம்பு போன்ற மூக்கு ஏற்கனவே வெட்டப்பட்டிருந்தது. அருகில் கிடந்த மயில் மீனின் முதுகுச் செட்டையை விரித்துக் காட்டி, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே என்றார். கொப்பரா ஏறக்குறைய ஒன்பது அடி இருக்கும். நாவலின் மீன் பதினெட்டு அடி; எடை 1,500 இறாத்தலுக்கு மேல் என்று கிழவன் கணக்கிடுகிறான். அந்த ஒன்பது அடிக்குப் பின்னால் இன்னொரு ஒன்பது அடியை என் மனம் வைத்துப் பார்க்க முயன்றது, முடியவில்லை.

நான் குனிந்து அதன் கண்ணைப் பார்த்தேன். பெரிய, தட்டையான, எதையும் பார்க்காத கண். செத்த மீனின் கண், ஊர்வலத்தில் கொண்டுபோகப்படும் புனிதரின் கண்ணைப் போல விலகியிருந்தது என்று ஹெமிங்வே எழுதியிருக்கிறார். எத்தனையோ வருடம் ஜூன் 13ஆம் தேதி கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவில் ஜனத்துக்குள் நின்று, தலைக்கு மேலே போகும் சுரூபத்தின் முகத்தை அண்ணாந்து பார்த்தவள் நான். எங்கள் எல்லோர்மேலும் படிந்து, எங்களில் ஒருவரையும் பார்க்காமல் கடந்து போகும் அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த உவமையைப் புத்தகத்தில் வாசித்தபோது அடிக்கோடிட்டிருந்தேன். சந்தைத் தரையில்தான் அது எனக்குள் இறங்கியது. கிழவனின் குடிசைச் சுவரில் இயேசுவின் திருஇருதயப் படமும் கோப்ரே மாதாவின் படமும் இருக்கின்றன. மீன் பட்டால் கோப்ரே மாதாவிடம் யாத்திரை போவதாக நேர்த்தி வைக்கிறான். மாமா அதைக் கேட்டு, “நாங்கள் மடு மாதாவுக்கு வைக்கிறது மாதிரி” என்றார். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

குறியீடுகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கரைக்கு வந்த கிழவன் பாய்மரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மேடேறுகிறான், விழுகிறான், எழுகிறான். சிலுவை என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் எழுதினேன். அது தவறென்று நான் சொல்லவில்லை. சுறாக்களைக் கண்டபோது அவன் வாயிலிருந்து வரும் ஒலி, கையில் ஆணி இறங்கும்போது வருவது போன்றது என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார். ஆனால் மாமா முதலில் கேட்டது, பாய்மரத்தை ஏன் வீட்டுக்குக் கொண்டு போகிறான் என்பதைத்தான். விடை நாவலின் தொடக்கத்தில் இருக்கிறது: பனி பட்டால் பாயும் கயிறும் கெடும், அத்தோடு கொக்கியையும் மண்டாவையும் வள்ளத்தில் விட்டுவைப்பது வீண் சோதனை. தினமும் செய்யும் வேலை அது. மீன் இல்லாத 84 மாலைகளிலும் அவன் இதைச் செய்திருக்கிறான், அப்போது பையன் உதவினான். அன்றிரவு உதவ யாருமில்லை. இதைச் சொன்ன பிறகு சிலுவையைச் சொன்னால் அதற்குப் பாரம் இருக்கிறது. பெர்னார்ட் பெரன்சன் என்ற கலை விமர்சகருக்கு 1952இல் எழுதிய கடிதத்தில் ஹெமிங்வே, கடல் கடல்தான், கிழவன் கிழவன்தான், சுறாக்கள் சுறாக்கள்தான் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். நான் அதை, குறியீடே இல்லை என்று எடுத்துக்கொள்ளவில்லை. வேலையை முதலில் பார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இயற்கையோடு போராட்டம் என்ற தலைப்பு நமக்கு எவ்வளவு அந்நியமானது என்பதைக் குறுந்தொகை ஒருமுறை எனக்கு நினைவூட்டியது. அதன் 269ஆம் பாடலில் ஒரு நெய்தல் நிலத்துப் பெண் தன் வீட்டு நிலவரத்தைச் சொல்கிறாள்: வலிய சுறா தாக்கிய புண் ஆறி, தந்தை மீண்டும் நீலநிறப் பெருங்கடலுக்குள் போய்விட்டார், தாய், உப்பைக் கொடுத்து வெண்ணெல் வாங்கி வர உப்பளத்துக்குப் போய்விட்டாள். காதலன் வருவதற்கு இது நல்ல நேரம் என்பதே அவள் சொல்லவருவது. சுறா கடித்தது அவளுக்கு வீட்டுச் செய்தி. புண் ஆறியதும் தந்தை கடலுக்குப் போனதும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. சந்தியாகோவும் இப்படித்தான் பேசுகிறான். மற்ற இளம் மீனவர்கள் கடலை ஆணாக, எதிராளியாகச் சொல்லும்போது, அவன் அதை அன்போடு பெண்ணாகவே நினைக்கிறான்; அவள் கொடுமை செய்தால், அவளால் செய்யாமல் இருக்க முடியவில்லை என்கிறான். மாமாவின் வாயில் கடல் எப்போதும் ‘கடல் தாய்’. நாற்பது வருடத்தில் இரண்டு கூட்டாளிகளை எடுத்துக்கொண்ட கடலைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.

இரண்டாம் கட்டுரைக்கு நல்ல புள்ளிகள் கிடைத்தன, வகுப்பும் முடிந்தது. ஆனால் வாய்மொழியாக நான் சொல்லிவந்த தமிழை முழுமையாக எழுதித் தர வேண்டும் என்று மாமா கேட்டார். தன் பேரன் அதைத் தனக்கு வாசிப்பான் என்றார். அதற்காக இப்போது ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மொழிபெயர்க்கத் தொடங்கினால்தான் எத்தனை இடங்களில் நாம் புரியாமலேயே புரிந்ததாகக் கடந்திருக்கிறோம் என்பது தெரிகிறது. ஆகவே படிக்கிறவர்கள் ஒரு பக்கத்தையாவது தம் கையால் தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் மீன் பெரும்பாலும் ‘அவன்’. தமிழில் மீனை ‘அவன்’ என்று எழுதினால் கதை புராணமாகிவிடுகிறது, ‘அது’ என்று எழுதினால் கிழவனின் மரியாதை காணாமற்போகிறது. நேராகப் பேசும் இடங்களில் மட்டும் ‘நீ’ வந்து என்னைக் காப்பாற்றுகிறது.

அப்படி நேராகப் பேசும் ஓரிடத்தில், மூன்றாம் நாள், மீன் வட்டமிட்டு அருகில் வரும்போது, உன்னைவிடப் பெரியதை, அழகானதை, அமைதியானதை நான் கண்டதில்லை என்று சொல்லி, கிழவன் அதைச் சகோதரனே என்று அழைக்கிறான். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வயது இல்லை. தமிழில் எந்த மீனவனும் இன்னொருவனைச் சகோதரனே என்று கூப்பிட மாட்டான். அண்ணன் என்பான் அல்லது தம்பி என்பான். கிழவனுக்கு வயது கூட, ஆகவே ‘தம்பி’ என்று எழுதி மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். நம் ஊரில் அன்பாகக் கூப்பிடவும் அதுதான் சொல் என்று எனக்குத் தோன்றியது.

மாமா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ரெண்டு ராவா ஆர் முன்னுக்குப் போனது?” என்று கேட்டார். மீன் என்றேன். “அப்ப அண்ணன்” என்றார்.

அவர் சொன்னதும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அதே மூச்சில் கிழவன், வந்து என்னைக் கொல்லு, யார் யாரைக் கொல்கிறோம் என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்றும் சொல்கிறான். அந்த இடத்தில் அண்ணன் என்ற சொல்லை வாயில் வைத்துப் பார்த்தால் ஒருவிதமாகவும், தம்பி என்று வைத்துப் பார்த்தால் வேறுவிதமாகவும் நெஞ்சில் விழுகிறது. கொப்பியில் மற்ற எல்லாவற்றையும் பேனையால் எழுதிவிட்டேன். அந்த ஒரு சொல்லை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை மட்டக்குளிக்குப் போகும்போது மாமாவின் பேரனையும் உட்காரவைத்து, அந்தப் பக்கத்தை இரண்டு விதமாகவும் உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டும்.